பாதைக்குக் காத்திருந்த லொறிகள்

"பாதை எப்பொழுது வரும்?"

கிழக்கிலங்கைக்குப் புதிதாக வருகின்ற ஒருவர், தெருவோரத்தில் நிற்கும் முதியவர் இவ்வாறு வினவுவதைக் கேட்டால் சற்றுத் திகைத்தே போவார். பாதை என்பது இருந்த இடத்தில் இருப்பது. அதன்மீது நாமல்லவா வருகிறோம், போகிறோம்? பாதையே எழுந்து வருவதாவது! ஆயினும் எமது கரையோரத்தில் அந்த வினாவிலே வியப்பு எதுவும் இல்லை. வாகனங்களையும் மனிதரையும் ஏற்றிக்கொண்டு ஆற்றையோ கழியையோ கடக்கும் தட்டையான மிதவையையே இங்குள்ளோர் 'பாதை' என வழங்குவர். "பாதை அக்கரையில் நிற்கிறது", "பாதை பழுது", "இனி விடியும்வரை பாதை இல்லை" என்பன ஒரு காலத்தில் நாள்தோறும் எம் காதில் விழுந்த சொற்கள். தெரு முடிந்துபோகின்ற இடத்தில், தானே தெருவாக வந்து நிற்பதனாற் போலும் அதற்கு அப்பெயர் வாய்த்தது!

திருகோணமலையிலிருந்து மட்டக்களப்புக்குச் செல்லும் ஏ-15 நெடுஞ்சாலையைப் படத்தில் பார்ப்போருக்கு இதன் காரணம் எளிதில் விளங்கும். 335 கிலோமீற்றர் ஓடிவருகின்ற மகாவலி, இலங்கையின் மிக நீண்ட ஆறு. மலைநாட்டில் ஒரே உடலாய் ஓடிய அந்த ஆறு, கடலை அணுகியதும் கைகளை விரிக்கின்றது. ஒரு கை மூதூருக்கு அண்மையில் கொட்டியாரக் குடாவிலே கலக்கின்றது. மற்றொரு கை வெருகல் ஆறு என்னும் பெயருடன் தெற்கே சென்று கடலை அடைகின்றது. இவற்றோடு கடல்நீர் உட்புகும் கழிகளும் சேர்ந்துகொள்ள, கரையோரமாய்ச் செல்லும் வீதி அடிக்கடி அறுந்து போகின்றது. கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி, வெருகல் என்று துறைக்கு மேல் துறை. ஒவ்வொரு துறையிலும் பாதை. ஒவ்வொரு பாதைக்கும் காத்திருப்பு. இன்று இவ்விடங்களில் எல்லாம் பாலங்கள் உயர்ந்து நிற்கின்றன. ஆனால் நாம் சொல்லப் புகுந்தது பாலங்கள் வருமுன் நிகழ்ந்த ஒரு பயணத்தின் கதை.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஞாயிறு காலையில் எழுந்த ஆழிப்பேரலை, இலங்கையில் மட்டும் 30,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அலை அடங்கியதும் நாட்டின் நாற்றிசையிலிருந்தும் நிவாரணப் பொருள்கள் லொறி லொறியாகக் கிழக்கு நோக்கி வரலாயின. பட்டப்படிப்பை முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த காலம் அது. நண்பர் சிலருடன் நாமும், அரிசி, பருப்பு, பாய், போர்வை, சட்டிபானை முதலியவற்றை ஏற்றிய நான்கு லொறிகளில் ஏறி, 2005 ஜனவரி 12ஆம் நாள் விடியற்காலையில் திருகோணமலையிலிருந்து வாகரைக்குப் புறப்பட்டோம்.

வண்டிகள் நான்கும் நான்கு விதம். ஒன்று நகரத்து வியாபாரி ஒருவர் உவந்து தந்த புதிய லொறி. அதன் சாரதி ஓர் இளைஞர். மற்றொன்று மூதூரைச் சேர்ந்த முஸ்லிம் பெரியவர் ஒருவருடையது. முப்பது ஆண்டுகளாக இந்தத் துறைகளைக் கடந்து பழகிய அவரை எல்லோரும் 'காக்கா' என்றே அழைத்தனர். மூன்றாவது, குருநாகல் பக்கத்துச் சிங்களக் கிராமம் ஒன்றின் மக்கள் வீடு வீடாகச் சேர்த்த அரிசியைச் சுமந்து வந்தது. அதன் சாரதிக்குத் தெரிந்த தமிழ்ச் சொற்கள் பத்துக்கு மேல் இரா. நான்காவதை லொறி என்பதா, லொறியின் முதுமை என்பதா என்று நாம் அறியோம். மேடு கண்டால் பெருமூச்சு விடும்; பள்ளம் கண்டால் முனகும். அதனை ஓட்டியவர், வண்டியைப் போலவே நிதானம் மிக்க ஒரு தமிழர்.

புறப்படும்போதே ஒரு வாக்குவாதம் எழுந்தது. பழைய லொறி கடைசியில் வரட்டும் என்றார் இளைய சாரதி. எமக்கும் அதுவே நியாயமாய்த் தோன்றிற்று. காக்கா தலையசைத்து மறுத்தார்.

"பின்னுக்கு விட்டா அது பின்னுக்கே நிண்டிரும், தம்பி. முன்னுக்கு விட்டாத்தான் நாலும் ஒண்டாப் போய்ச் சேரும்," என்றார்.

அவர் சொல்லுக்கு மறுசொல் இல்லை. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தோம். காக்கா தம் இறைவனை நினைந்து கையேந்தினார். குருநாகல் சாரதி தம் வண்டியின் முகப்பிலிருந்த புத்தர் படத்தைத் தொட்டு வணங்கினார். கிழட்டு லொறி முன்னே முனகிக்கொண்டு செல்ல, மற்ற மூன்றும் பொறுமையிழந்து அதன் பின்னே ஊர்ந்தன.

காக்கா சொன்னது எமது துறைமுகத்துக்குப் புதியதோர் உண்மை அன்று. இரண்டாம் உலகப் போரின்போது வணிகக் கப்பல்கள் தனித்துச் செல்லாது அணியாகச் சேர்ந்து, காவற் கப்பல்கள் சூழக் கடல் கடந்தன. அவ்வணியில் மிக மெதுவாகச் செல்லும் கப்பலின் வேகம் எதுவோ அதுவே அணி முழுவதற்கும் வேகம். விரையக் கூடிய கப்பலும் விரைவதில்லை. பிற்காலத்தில் ஐரோப்பிய நெடுஞ்சாலைகளிலும் இவ்வழக்கத்தைக் காணலாம். 1989 டிசம்பரில் ருமேனியாவில் ஆட்சி கவிழ்ந்ததும், அங்குள்ள அநாதைப் பிள்ளைகளின் பரிதாப நிலையை உலகம் அறிந்தது. பிரிட்டன் முதலிய நாடுகளிலிருந்து தொண்டர்கள், பால்மாவும் மருந்தும் உடையும் ஏற்றிய லொறிகளை அணியணியாக ஓட்டிச் சென்றனர். அவர்களுட் பலர் தொழில்முறைச் சாரதிகள் அல்லர்; ஆசிரியர்களும் கடைக்காரர்களும் ஓய்வு பெற்றோருமாவர். பனி மூடிய சாலையில் வண்டி பழுதுறுவதும், எல்லைச் சாவடிகளில் மணிக்கணக்காய்க் காத்துக் கிடப்பதும், ஒருவருடைய தேநீரை ஒன்பது பேர் பகிர்ந்து பருகுவதும் இத்தகைய பயணங்கள் எங்கும் பொதுவாய்க் காணப்படுவன. தெரு வேறாயினும் தெருவின் நியதி ஒன்றுதான்.

கிண்ணியாத் துறையை அடைந்தபோது எமக்கு முன்னே நீண்ட வரிசை நின்றது. அக்கரையில் அலை தின்ற ஊர். கிண்ணியா வைத்தியசாலையே கடலுக்கு இரையாகியிருந்தது. அந்த ஊர் மக்களிற் சிலர், தாமே கூடாரங்களில் வாழ்ந்துகொண்டிருந்தும், வாளியிலே தேநீர் கொண்டுவந்து வரிசையில் நின்ற சாரதிகளுக்கு ஊற்றினர். நாம் கொடுக்கப் புறப்பட்டவர்கள். முதலில் வாங்கியவர்களும் நாமே. பணம் நீட்டிய எம் கையை ஒரு மூதாட்டி மெல்லத் தள்ளிவிட்ட காட்சி இன்றும் கண்ணை விட்டு அகலவில்லை.

உப்பாற்றை இடரின்றிக் கடந்தோம். அதன்பின் கிரவல் வீதியில் இளையவரின் புதிய லொறிக்கு டயர் வெடித்தது. அவரிடம் மாற்று டயர் இருந்தது. அதிலே காற்று இல்லை. "புது வண்டிக்கு எதற்கு ஐயா இதையெல்லாம் பார்ப்பது?" என்று காலையில் சொன்னவரும் அவரே! குருநாகல் சாரதி ஒரு சொல்லும் பேசாமல் தமது மாற்று டயரை உருட்டிக்கொண்டு வந்தார். அளவு பொருந்தியது. "இனி உம்முடைய வண்டிக்கு வெடித்தால்?" என்று சைகையாற் கேட்டோம். அவர் வானத்தைக் காட்டிச் சிரித்தார். அன்று முதல் இளையவருக்கு அவர் 'அய்யே' ஆனார். அவருக்கு இளையவர் 'மல்லி' ஆனார். சிங்களத்தில் முன்னது அண்ணன், பின்னது தம்பி.

கங்கைத் துறையில் மழை பிடித்துக்கொண்டது. வடகீழ்ப் பருவக்காற்றின் கடைசி மழை. ஆறு செந்நிறமாய்ப் பெருகி ஓடியது. முதலில் ஏற வேண்டியது கிழட்டு லொறி. முன் சக்கரங்கள் பாதையின் பலகையை மிதித்தன. பின் சக்கரங்களோ கரைச் சேற்றில் அச்சுவரை புதைந்தன. முன்னும் போகாது, பின்னும் வராது, ஆற்றுக்கும் நிலத்துக்கும் நடுவே நின்றது வண்டி. அவ்வாறு நிற்கும்போது பாதை சிறிது விலகினாலும் வண்டியும் பொருளும் நீரிலேதான். பாரத்தைக் குறைப்பது ஒன்றே வழி. மூட்டைகளைக் கீழே இறக்கலானோம். வரிசையில் நின்ற பஸ்ஸிலிருந்து பயணிகள் யாரும் அழைக்காமலே இறங்கி வந்தனர். சாரத்தை மடித்துக் கட்டியோரும் காற்சட்டை அணிந்தோருமாக, கரையிலிருந்து மேட்டுக் குடிசைவரை ஒரு மனிதச் சங்கிலி அமைந்தது. மூட்டைகள் கைமாறிக் கைமாறிச் சென்றன. சக்கரத்தின் கீழ்ப் பலகையும் கல்லும் இட்டு, கயிறு கட்டி, "ஏலேலோ" என்று இருபது பேர் இழுக்க, வண்டி ஒரு பெருமூச்சுடன் பாதைமீது ஏறிற்று. அக்கரை சேர்ந்தபின் அத்தனை மூட்டைகளையும் மீண்டும் ஏற்ற வேண்டியிருந்தது.

இளையவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "இந்த லொறியைக் கூட்டி வராமல் இருந்திருந்தால் இந்நேரம் வெருகலுக்குப் போயிருப்போம்," என்று முணுமுணுத்தார். காக்கா கேட்டும் கேளாதவர்போல் இருந்தார். நாமும் மனத்துக்குள் இளையவரின் பக்கமே நின்றோம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இவ்வாறு பொழுது கழிந்தமையால் இறால்குழித் துறையை நாம் அடைந்தபோது இருட்டிவிட்டது. "இனி விடியத்தான் பாதை," என்றனர் பாதைக்காரர். கங்கையிற் பட்டது போதும் என்று, கிழட்டு லொறியின் பாரத்திற் பாதியை அப்பொழுதே இறக்கி, வண்டியை மட்டும் பாதைமீது ஏற்றிச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து நிறுத்தினோம். காலை முதல் ஓட்டத்துக்கு அது ஆயத்தம். மற்ற மூன்று லொறிகளும் கரையிலே வரிசையாய் நின்றன.

பின்னர்ச் சமையல். நாம் பட்டதாரிகள், ஆகவே சமையலை நாமே பொறுப்பேற்றோம். அரிக்கன் விளக்கின் மங்கிய ஒளியில் உலை கொதித்தது. உப்புப் பொட்டலம் என்று எண்ணி நாம் தாராளமாய்க் கொட்டியது சீனி என்பது, முதற் பிடி சோறு வாய்க்குச் சென்றபின்னரே தெரிந்தது. ஒரு கணம் எவரும் பேசவில்லை. குருநாகல் சாரதி மாத்திரம் மரியாதையின் பொருட்டு விழுங்கினார். காக்கா எம்மைப் பார்த்து, "நாளையிண்டைக்குத்தானே மாஸ்டர் உங்கட தைப்பொங்கல்? இண்டைக்கே ஆக்கிட்டீங்களா?" என்றார். ஆற்றங்கரை அதிரச் சிரித்தோம். ஆசிரியத் தொழிலை நாம் அப்பொழுது தொடங்கியிருக்கவில்லை. ஆயினும் 'மாஸ்டர்' என்ற பட்டத்தை எமக்கு முதலில் சூட்டியது அந்தச் சீனிச் சோறுதான். பசித்தவர்கள் அதனையும் மீதம் வைக்கவில்லை.

லொறிகளுக்கு அடியிலே பாயை விரித்து உறங்கினோம். நள்ளிரவு கடந்திருக்கும். "பாதை! பாதை!" என்று ஒரு குரல் எழுப்பிற்று. சைக்கிளில் ஒருவர், பின்னிருக்கையில் அவர் மனைவி, அவள் மடியில் சீலையாற் சுற்றிய குழந்தை. மூன்று நாட்காய்ச்சல், மாலை முதல் வலிப்பு என்றார் தந்தை. ஆற்றுக்கு அப்பால் மூதூர் வைத்தியசாலை. இப்பாலோ, கிண்ணியாவில் வைத்தியசாலை இருந்த இடத்தில் இடிபாடு. அதையும் கடந்து நகருக்குச் செல்வதானால் மூன்று துறைகள்.

பாதைக்காரர் விழித்துக்கொண்டனர். இரவிலே, வெள்ளத்திலே, கரைக்குக் கரை கட்டிய இரும்பு வடத்தைப் பற்றி இழுத்துச் செல்வது அபாயம் என்பது அவர்களுக்கே நன்கு தெரியும். ஆயினும் எவரும் முடியாது என்று சொல்லவில்லை. "ஆள் காணாது" என்றனர், அவ்வளவே. ஆள் அங்கே இருந்தது. மூன்று லொறிகளும் முகப்பு விளக்குகளை ஏற்றி ஆற்றை நோக்கித் திரும்பின. நீரின்மீது மஞ்சள் ஒளி பாலம் போட்டது. தாயும் குழந்தையும் எங்கே ஏறினர் என்று நினைக்கிறீர்கள்? பாதைமீது ஏற்கெனவே ஏறி நின்ற கிழட்டு லொறியின் முன்னாசனத்திலேதான்! அதனை முன்னே விட்டதனால் அன்றோ அது அங்கே நின்றது? மற்ற லொறி எதனையும் அந்த இருட்டில், அந்தச் சேற்றில், பாதைமீது ஏற்றியிருத்தல் இயலாது.

காக்கா, அய்யே, மல்லி, நாம், பாதைக்காரர், அந்தத் தந்தை என்று எல்லோரும் வடத்தைப் பற்றினோம். கை தோலுரிந்தது அப்பொழுது தெரியவில்லை. ஆற்றின் நடுவே ஒரு மரக்கொம்பு மிதந்து வந்து பாதையில் மோத, எல்லோரும் ஒருகணம் மூச்சை அடக்கினோம். பின்னர் இழுப்புத் தொடர்ந்தது. அக்கரையில் லொறி இறங்கியதும், பாரம் குறைந்த அந்த வண்டி, அன்று பகல் முழுவதும் நாம் காணாத வேகத்தில் மூதூரை நோக்கி ஓடியது. அதன் பின்விளக்கு மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றோம். இளையவர் காக்காவின் அருகே சென்று ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று நாம் கேட்கவில்லை.

மறுநாள் வெருகலையும் கடந்து வாகரையை அடைந்தோம். அது போர்நிறுத்தம் நிலவிய காலம். இரு தரப்புச் சோதனைச் சாவடிகளிலும் மூட்டைகளைத் திறந்து காட்டித்தான் சென்றோம். அங்கே கண்ட துயரத்தை இங்கு விரித்தல் எமது நோக்கமன்று. பொங்கலன்று அங்கேயே தங்கினோம், எவரும் பொங்கவில்லை. மூன்றாம் நாள் திரும்பி வருகையில் இறால்குழித் துறையில் ஒருவர் கையில் இரண்டு தயிர்ச் சட்டிகளுடன் நின்றார். அந்தத் தந்தைதான். காய்ச்சல் இறங்கிவிட்டது, பிள்ளை பால் குடிக்கிறது என்றார். வந்தவர் எவரையும் நலம் விசாரிக்கு முன்னர், "அந்தப் பழைய லொறி வருகுதா?" என்றே கேட்டார். கொட்டியாரத்து எருமைத் தயிரின் சுவை நாடறிந்தது. ஆயினும் அன்று உண்ட தயிரைப்போல் வேறொன்றை நாம் உண்டதில்லை.

காலம் மாறிற்று. 2009 அக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. திறந்த வேளையில் அது நாட்டின் மிக நீண்ட பாலம் எனப் பெயர் பெற்றது. அதனைத் தொடர்ந்து உப்பாறு, கங்கை, இறால்குழி, வெருகல் ஆகிய இடங்களிலும், அதற்கும் தெற்கே காயான்கேணியிலும் பாலங்கள் எழுந்தன. நாம் ஒன்றரை நாள் பட்ட பாட்டை இன்று லொறிகள் சில மணி நேரத்தில் முடித்துவிடுகின்றன. காய்ச்சற் குழந்தை எதுவும் இப்பொழுது இறால்குழியில் விடியலுக்காகக் காத்திருப்பதில்லை.

பழைய நாள்களை நினைந்து உருகுவோர், பாதையின் காலமே நல்ல காலம் என்று சொல்வதுண்டு. அவர்களோடு நாம் உடன்படோம். 2021ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் கிண்ணியாவை அடுத்த குறிஞ்சாக்கேணியில் நிகழ்ந்ததை நினைத்துப் பார்க்க வேண்டும். பழைய பாலத்தின் இடத்தில் புதியது கட்டும் வேலை நடந்துகொண்டிருக்க, மாற்றாக ஓடிய மிதவைப் பாதை கவிழ்ந்தது. பாடசாலைக்குப் புறப்பட்ட பிஞ்சுகள் உட்படப் பலர் மாண்டனர். பாதையின் கதையில் சிரிப்பும் உண்டு, தோழமையும் உண்டு. அதன் அடியிலே ஆழமான நீரும் உண்டு. எமது குழந்தை பிழைத்தது நற்பேறு. நற்பேற்றை நம்பி ஓர் ஊர் வாழ முடியாது. அதற்குப் பாலம் வேண்டும்.

ஆனால் பாலம் வந்தபின் ஒன்றை நாமாக முயன்று காத்தல் வேண்டும். முன்பு தோழமையை ஆறே எம்மீது சுமத்திற்று. வரிசையிலே நின்றோம், ஆகவே பேசினோம். சேற்றிலே புதைந்தோம், ஆகவே கை கொடுத்தோம். இன்று நிற்க வேண்டிய கட்டாயம் இல்லை. வீதியோரத்தில் ஒரு லொறி பழுதுற்று நிற்க, பின்னால் வருவோர் அறியும்படி சாரதி மரக்கிளையை ஒடித்துத் தெருவில் இட்டிருப்பதை நாம் காண்கிறோம். அந்தக் கிளையைக் கண்டு விலகிச் செல்வோரும் உளர். கண்டு நிறுத்துவோரும் உளர். நிறுத்துவோரிற் பெரும்பாலோர், தாமும் ஒருநாள் கிளை ஒடித்து வைத்தவர்களாகவே இருப்பர்.

காக்கா இன்று இல்லை. அவருடைய சொல் எம்மோடு இருக்கின்றது. மாணவ நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் வகுப்பிலும் ஒரு கிழட்டு லொறி இருக்கும். கணக்கு ஏறாதவன், வாசிக்கும்போது திக்குபவன், தூரத்து ஊரிலிருந்து தாமதித்து வருபவன். அவனைப் பின்னே விட்டுவிட்டு விரைவது எளிது. முன்னே விட்டுச் சேர்ந்து நடந்து பாருங்கள். எந்த இருட்டில், எந்தத் துறையில், அவன் முதலில் ஏறி நிற்பான் என்பதை யார் அறிவார்?